வெரி எஸ்டேட்

ஞாயிறு, ஆவணி 1

காலையிலிருந்து வெயில். மத்தியானம் மூட்டம், மழை இல்லை.

இன்று பத்தாங் காலி ஊரில், மாப்பிள்ளை வீட்டில் இருந்தவர்கள்: என் மகன் செல்வம். மருமகள் மலர். பேத்தி கவிதா. மாப்பிள்ளை சஞ்சீவன். அவன் அம்மா சாந்தினி, டீச்சர் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவன் அப்பா குலசிங்கம், பேசாத மனிதர். சமையல்கட்டில் சூமி என்கிற இந்தோனேசியப் பெண். நான். ஒருவரையும் விடவில்லை. பிற்பாடு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லிக்கொண்டு வரக் கூடாது.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனது. எங்கள் காலத்தில் இதற்குப் பெண்ணை அழைத்துப் போக மாட்டார்கள். கவிதா வந்தாள். காடி ஓட்டியதே இவள்தான்.

கொண்டு போனது: முறுக்கு ஒரு டின். வாழைப்பழம் ஒரு சீப்பு. நான் செய்த நெத்திலி சம்பல், போத்தலில்.

மூலை வீடு. பெரிய கேட். எல்லோரும் இறங்கி முன்னால் போனார்கள். எனக்கு முட்டி வலி, கடைசியில். கதவு திறந்தே இருந்தது. நேரே எதிர்ச் சுவரில் பெரிய படம். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி, கையில் பிரம்பு. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, கிராணி. சஞ்சீவனின் தாத்தா என்று பிறகு சொன்னார்கள். எங்கள் ஏழாங்கட்டைத் தோட்டத்துக் கிராணி இல்லை. கெர்லிங் பக்கம் வேறு ஏதோ தோட்டம். காலுக்கு அது தெரியவில்லை. திரும்பிவிட்டது.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுவர் ஓரமாகவே நடந்து, பின்கதவில் போய் நின்று "அம்மா" என்று குரல் கொடுத்தேன்.

கிராணி வீட்டுக்கு அப்படித்தான். தீபாவளித் தட்டு கொண்டு போனாலும் பின்கதவு. சாவுக்குச் சொல்லப் போனாலும் பின்கதவு. முன்படியில் லயத்துக் கூலிக்காரர் கால் படாது. யாரும் எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

சூமி கதவைத் திறந்தாள். பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நல்ல பெண். அப்போதுதான் எனக்கே புரிந்தது எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று. எழுந்திருக்க முட்டி விடவில்லை.

ஹாலில் என்னைத் தேடினார்கள். பாட்டி எங்கே, பாட்டி பின்னால் போய்விட்டார்களாம். அப்புறம் ஒரு பெண் குரல், இங்கிலீஷில். காற்றாடி இரைச்சலில் முன்னால் சொன்னதை விட்டுவிட்டேன். கடைசி மட்டும்: "வெரி எஸ்டேட் லா."

எஸ்டேட் எனக்குத் தெரியும். வெரி தெரியும். லா இங்கே எல்லாப் பேச்சுக்கும் வால்.

பிறகு சிரிப்பு. ஓர் ஆம்பளைச் சிரிப்பு. முடிகிற இடத்தில் விக்கல் மாதிரி ஓர் இழுப்பு. குலசிங்கம் பேசாத மனிதர், அவர் சிரிப்பு எப்படி இருக்கும் என்று தெரியாது.

சாந்தினி உடனே சமையல்கட்டுக்கு வந்தார். கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிப்போய் மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தார். எனக்குக் கை எரிந்தது. வாயால் ஒன்று, கையால் ஒன்று.

திரும்பும் வழியில், ரவாங் தாண்டி, காடிக்குள் சொல்லிவிட்டேன். நிச்சயத்துக்குத் தட்டு மாற்றும் நாளில் நான் உட்கார மாட்டேன். கவிதா ரோட்டையே பார்த்து ஓட்டினாள்.

திங்கள், ஆவணி 2

விடியும்போது தூறல். துணி உள்ளே.

பாண்டான் இலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, மழை ஊற்றிவிட்டது. மாத்திரை இரண்டு. கறிவேப்பிலையில் மறுபடி வெள்ளைப் பூச்சி.

என்ன விஷயம் என்றால், கவிதாதான் என்னைத் தட்டு கொடுக்கச் சொன்னவள். அவள் தாத்தா இல்லை. நான் தாலி இல்லாதவள். நம் சொந்தத்தில் ஆளுக்கு ஆள் முணுமுணுத்தார்கள், அவங்க எப்படித் தட்டைத் தொடுவாங்க என்று. இவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: பாட்டி கொடுத்தால் தட்டு மாறும், இல்லாவிட்டால் மாறாது. அப்படியானால் என் கை அங்கே இருந்தால்தான் கல்யாணம். அந்தக் கையைத்தான் நான் இப்போது மடக்கி வைத்திருக்கிறேன். தெரிந்துதான் செய்கிறேன்.

மருமகளிடம் கேட்டேன். எஸ்டேட் ஓர் இடம், அது எப்படி ஆளாகும் என்று. மலர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் எடுத்து ஆள்மேல் ஒட்டுவார்களாம். நகரும் மின்படியில் ஏறப் பயந்தால் வெரி கம்பம், பட்டிக்காடாம். மலரின் கைப்பை வெரி ஆண்டி, கவிதா சொன்னது. நான் கோபப்பட்டால் வெரி டிராமா. இதுவும் கவிதா சொன்னதுதானாம். எனக்கு இன்றுதான் தெரியும்.

"எல்லாம் சும்மா பேச்சுத்தான். நீங்க அதைப் போயி பிடிச்சிக்கிட்டு."

சும்மா பேச்சு. சரி. வீட்டுக்கு இருக்கிற பேரை, ஊருக்கு இருக்கிற பேரைக் கழற்றி, ஆளுக்குச் சட்டையாகப் போடுகிறார்கள். அளவு பார்ப்பதில்லை.

நான் எஸ்டேட் என்றால் என்னென்ன நான்? விடியுமுன் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு அடிக்கும் மணி. ரப்பர் பால் வாளி நாற்றம், எத்தனை தடவை கழுவினாலும் போகாது. அட்டை. காட்டில் பிரசவித்த அஞ்சலைக்குப் புடவையைக் கிழித்துக் கொடுத்தது. மழை பெய்தால் அன்று வேலை இல்லை, வேலை இல்லை என்றால் சோறு இல்லை. இத்தனையும் அவர்கள் சொன்ன ஒரு சொல்லுக்குள் இருக்கிறதா? இல்லை. அவர்கள் சொன்னதற்குள் இருந்தது ஒரு பின்கதவு மட்டும்.

ராத்திரிக்கு ரசம்.

புதன், ஆவணி 4

வெயில். கிளினிக்.

கவிதா ரவாங் ஆபீசில் லீவு போட்டுவிட்டுக் கூட்டிப்போனாள். நான் கேட்கவில்லை. மலர் கூட்டிப்போகட்டும் என்றேன். இவளே வந்தாள். முகம் வீங்கி இருந்தது. கண் மை இல்லை. பாசார் சந்தை முனையில் நிறுத்தி எனக்கு அப்பம் வாங்கித் தந்தாள், அவள் சாப்பிடவில்லை.

கிளினிக்கில் கூட்டம். இரண்டு நர்ஸ் மிஸிகள், ஒருத்தி நம் பெண், ஒருத்தி மலாய்ப் பெண். நம் பெண் கொட்டாவி விட்டு, "டுடே வெரி மண்டே லா" என்றாள். இன்று புதன். இருந்தாலும் எனக்குப் புரிந்தது. அவள் முகத்தில் திங்கட்கிழமை இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தப் பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

மலாய்ப் பெண் என் கையில் பட்டை சுற்றிக் காற்றடித்தாள். பிரஷர் ஏறியிருக்கிறது என்றாள். ஊசி போடும்போது நான் முகம் சுளிக்கவில்லை. மாச்சிக், அவர்கள் பாஷையில் பெரியம்மா, வெரி கராத்தே என்று சொல்லி முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு, அதுவும் வேற்று வீட்டுப் பிள்ளையால்.

ஆக, அதே வித்தைதான். ஒட்டுகிற கையைப் பொறுத்து.

மருந்துக்குக் காத்திருக்கும்போது கவிதா என் பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள். சின்ன வயசுப் பழக்கம். ஏதாவது உடைத்துவிட்டால் அப்படித் திருகுவாள். "பாட்டி, ஞாயித்துக்கெழம..." என்றாள். என் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டேன்.

முட்டிக்குத் தைலம் ஒரு போத்தல் கொடுத்தார்கள். மணம் மோசம்.

வெள்ளி, ஆவணி 6

புழுக்கம். கோயிலுக்குப் போகவில்லை.

செல்வம் வேலை முடிந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தான். மண்டபம் இல்லை, வீட்டிலேயே வைக்கலாம், பந்தலுக்குச் சொல்லியாயிற்று என்றான். நான் துணி மடித்தேன். பெரிய இடம், படித்த குடும்பம், இந்த மாதிரி நமக்கு இனி அமையாது என்றான். நான் துணி மடித்தேன்.

"ம்மா, விடுங்கம்மா. ஒரு வார்த்தைதானே லா. அதுக்குப் போயி பொண்ணு வாழ்க்கையக் கெடுப்பீங்களா?"

யார் சொன்னது என்று அவனிடம் கேட்டேன். நினைவில்லை என்றான். நான் பெற்றதற்கு நினைவில்லாமல் போகுமா? எனக்கு எல்லாம் இருக்கிறது. நான் மன்னிக்காதவர்கள் யார் யார் என்று இதோ:

தோட்டத்துக் கங்காணி, மண்டோர், அவன் மனைவி பாக்கியம். மாரியம்மன் திருவிழாவில் என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கியவள். செத்துவிட்டாள். இருந்தாலும்.

மலரின் அண்ணன். கல்யாணப் பந்தியில் என்னைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தவர்.

சபாக் பஸ்காரன். செல்வம் வயிற்றில், வலி எடுத்துவிட்டது, ரோட்டோரம் நின்று கை காட்டினேன். நிறுத்தாமல் போனவன். முகம் இன்னும் தெரியும். மூக்கில் மரு.

இப்போது சாந்தினி. டீச்சர்.

சனி, ஆவணி 7

காலை வெயில், பத்து மணிக்கு மேல் மழை, பிறகு வெயில்.

காலையில் கடல் நெத்திலி வந்தது. பின்கட்டில் மனைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். மலர் கடைக்கு, செல்வம் வேலைக்கு, கவிதா குளியலறையில். பின்சந்தில் யாரோ நடக்கும் சத்தம். குப்பைக்காரன் என்று நினைத்தேன். பார்த்தால் சாந்தினி. தனியாக. கால்வாயைத் தாண்டும்போது ஒரு கால் உள்ளே இறங்கிவிட்டது போல, நல்ல செருப்பு முழுக்கச் சேறு. கையில் என் சம்பல் போத்தல், கழுவித் துடைத்தது.

முன்கதவு திறந்துதான் இருக்கிறது, இது என்ன வழி என்று கேட்டேன். முன்னால் கூப்பிட்டுப் பார்த்தாராம், யாரும் வரவில்லையாம். எனக்குக் காது கேட்கும். யாரும் கூப்பிடவில்லை.

மழைத் தண்ணீர்க் குழாயில் காலைக் கழுவிவிட்டு, கீழே, வெறும் சிமெண்டில், என் எதிரில் உட்கார்ந்தார். ஒரு பிடி நெத்திலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கிள்ள ஆரம்பித்தார். கிள்ளத் தெரியவில்லை. தலையோடு பாதி உடம்பும் போனது.

பிறகு நேரே கேட்டேன்.

"எஸ்டேட்டுன்னு சொன்னது நீங்களா?"

"நான் சொல்லேல்லை அம்மா."

"அப்ப யாரு?"

அவர் ஒரு நெத்திலியை எடுத்து ரொம்பப் பக்குவமாக, எனக்கும் மேல் பக்குவமாக, கிள்ளினார். வாயைத் திறக்க மாட்டார் என்று தெரிந்தது. ஒரு பெயரைச் சொன்னால் தப்பித்துவிடலாம். சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனுஷியைப் பிடித்தது.

அவர் தமிழ் தட்டித் தட்டி வருகிறது. இங்கிலீஷ் நடுவில் எட்டிப் பார்க்கிறது, அதை உள்ளே தள்ளிவிட்டுப் பேசினார்.

"என்ட மாமியார் உயிரோட இருந்தா உங்களைப் பின்னாலதான் விட்டிருப்பா. எனக்கு அது தெரியும். நீங்கள் அங்க நிண்டதைப் பாத்த உடனே விளங்கிட்டுது. அந்தப் படத்தைக் கழட்டி வைக்கட்டோ?"

யோசித்தேன். கழற்றச் சொல்லலாம். சொல்ல ஆசையாகவும் இருந்தது.

"வேணாம். மனுசன் அங்கயே இருக்கட்டும். முன்வாசல்ல நாங்க வர்றதப் பாத்துப் பழகட்டும்."

அவர் சிரித்தார். சத்தம் இல்லாத சிரிப்பு. கோப்பி குடித்தார். போத்தலில் மறுபடி சம்பல் போட்டுக் கொடுத்தேன். போகும்போது முன்கதவு வழியாக அனுப்பினேன்.

போன பிறகு மறுபடி மனைக்கட்டையில் உட்கார்ந்தேன். இதை எழுதத்தான் வேண்டும். அன்று அந்த ஹாலில் இங்கிலீஷ் பேசுகிற பெண்கள் இரண்டே பேர். மலருக்கு இங்கிலீஷ் வராது. காற்றாடி இரைச்சலில் நான் விட்டுவிட்டேன் என்று எழுதினேனே, விடவில்லை. காதில் விழுந்தது. "சாரி ஆண்டி, பாட்டி வெரி எஸ்டேட் லா." ஒரு வீட்டுக்காரி தன் வீட்டில் யாரை ஆண்டி என்பாள்?

நான் தூக்கி வளர்த்த குரல். காற்றாடிமேல் பழியைப் போட்டுவிட்டு ஒரு வாரம் சாந்தினியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

குளியலறையில் தண்ணீர் நின்று ரொம்ப நேரம் ஆகியும் கவிதா வெளியே வரவில்லை. எல்லாம் கேட்டிருப்பாள்.

திங்கள், ஆவணி 9

மூட்டம். சாயங்காலம் நல்ல மழை.

கவிதா ஆபீசிலிருந்து வந்ததும் உடை மாற்றாமல் என் அறைக்கு வந்தாள். தைலப் போத்தலை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து என் முட்டியைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"நாந்தான் பாட்டி."

"தெரியும்."

"அவங்க யாராச்சும் சொல்லிருவாங்களோன்னு பயமா இருந்துச்சு. அதான் நானே முந்திக்கிட்டேன்."

ஆபீசில் அவளை அப்படித்தான் சொல்வார்களாம். கையால் சாப்பிட்டால், சத்தமாகப் பேசினால், தலைக்கு எண்ணெய் வைத்தால். வெரி எஸ்டேட் லா கவி. இவளும் சேர்ந்து சிரிப்பாளாம். தோட்டத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை இவள். நாங்கள் வெளியேறி இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகுதான் பிறந்தாள். லயத்தைப் பார்த்ததே இல்லை. அந்தச் சட்டை எப்படி இவளுக்கு வந்தது? நான் அங்கே கழற்றிப் போட்டது என்று நினைத்திருந்தேன்.

சொல்லி முடித்ததும் என் முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டாள். தைலம் கண்ணில் பட்டிருக்கும். நடுமண்டையில் ஒரு குட்டு வைத்தேன். வலித்திருக்கும். வலிக்கட்டும். பிறகு அதே இடத்தில் தடவினேன்.

பிறகு விசாரித்தேன். நீ சொன்னதும் சாந்தினி சிரித்தாரா? இல்லை, உடனே எழுந்து உங்களைத் தேடி வந்தார். சஞ்சீவன்? தலையைக் குனிந்துகொண்டான், நாம் கிளம்பும்போது என்னிடம் கோபப்பட்டான். அவன் அப்பா? அப்போது அவர் ஹாலில் இல்லை, காடியை நகர்த்த வெளியே போயிருந்தார்.

"அப்ப சிரிச்சது?"

கவிதா தைலத்தை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி மூடினாள்.

சொல்ல வேண்டியதில்லை. என் பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போதே அந்தச் சிரிப்புக்கு முடிவில் இழுப்பு உண்டு. மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து ஆஸ்பத்திரி டிரசரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு, ஒண்ணும் இல்ல, பிள்ள நல்லா சிரிக்கிறான்னு சொன்னார்.

கவிதாவிடம் பச்சைக் கரைப் புடவையை எடுத்து வெயிலில் போடச் சொன்னேன். மழை பெய்கிறது பாட்டி என்றாள். அப்படியானால் நாளைக்கு.

புதன், ஆவணி 11

பிள்ளையார் சதுர்த்தி. வெயில்.

கொழுக்கட்டை, பூரணம் தேங்காய். சுண்டல். மலர் மாவை இளக்கிவிட்டாள், பாதி வெடித்தது. வெடித்ததை நாங்கள் சாப்பிட்டோம்.

செல்வம் எனக்கு ஒரு புடவை வாங்கி வந்தான். நல்ல புடவைதான், சரிகை அதிகம். எல்லாம் சரியாப் போச்சுல்லம்மா என்றான். கொழுக்கட்டையை வாயில் வைத்துக்கொண்டே கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது சொல்வான், இதோ இப்போது சொல்வான் என்று. கவிதா சொன்னாள். சொல்ல ஒன்றுமில்லாத சாந்தினிகூடக் கால்வாயில் காலை விட்டுக்கொண்டு வந்தார்.

கவிதாவுக்குப் பயம். பயந்தவள் உளறுவாள். இவனுக்கு என்ன பயம்? இவன் லயத்தில் பிறந்தவன். இருட்டில் இவனைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் நான் காட்டுக்குப் போனேன். கிராணி வீட்டுப் பின்கதவில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அந்தக் கதவு இவனுக்குத் தெரியும். அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் இவன்தான்.

புடவை பீரோவில். பிரிக்கவில்லை.

ஞாயிறு, ஆவணி 15

நம் மலேசியச் சுதந்திர தினம். ரோடு முழுக்கக் கொடி. வெயில், நல்ல காற்று, பந்தல் ஆடியது, விழவில்லை.

தட்டு மாறிவிட்டது.

தட்டில்: வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், பூ, புடவை. நடுவில் ஒரு கிண்ணம் சம்பல் வைத்தேன். மலர் தலையில் அடித்துக்கொண்டாள். எடுக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டில் வந்து நின்றதும் சாந்தினி அங்கிருந்தே கேட்டார்.

"முன்னால வரட்டோ, பின்னால வரட்டோ அம்மா?"

"ரெண்டும் தொறந்துதான் கெடக்கு. எதுல வேணும்னாலும் வாங்க."

சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நானே வாசலுக்குப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். கட்டியிருந்தது பச்சைக் கரை, பழசு.

தட்டைக் கொடுக்கும்போது கவிதா பின்னால் வந்து என் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். தாலி இல்லாதவள் கை என்று யாரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் பெயர் இங்கே வந்திருக்கும்.

பந்தியில் சாந்தினி சம்பலை மறுபடி மறுபடி கேட்டுப் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது காரத்தில். இது என்ன இவ்வளவு உறைக்குது என்று குலசிங்கம் கேட்டார். இரண்டு வாரத்தில் அவர் பேசி நான் கேட்ட முதல் பேச்சு.

"வெரி எஸ்டேட் லா" என்றேன் நான்.

கவிதா என்னைப் பார்த்தாள். பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள், கண்ணீரோடு. சாந்தினி சிரித்தார். சஞ்சீவன் சிரித்தான். மலர் சிரித்தாள். பந்தலே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். முடிகிற இடத்தில் விக்கல் மாதிரி ஓர் இழுப்பு. பக்கத்திலிருந்தவரிடம், எங்கம்மா எப்படிப் பேசுறாங்க பாருங்க என்று சொல்லிக்கொண்டான்.

இலையில் சோறு போடக் குனிந்தான். வாங்கிக்கொண்டேன். போதும் என்று கை காட்டினேன். சாப்பிட்டேன்.

கவிதாவை மன்னித்தாயிற்று, திங்கட்கிழமையே. மலருக்கு ஒன்றுமில்லை. சுவரில் இருக்கும் கிராணியும் இருந்துவிட்டுப் போகட்டும். சபாக் பஸ்காரனைக்கூட இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.

என் மகன் செல்வம். அவனை மாட்டேன்.